வெள்ளித் தண்ணீர் பேரம்

வீரணனின் இடது கால் பெருவிரலுக்குத் தேனியில் ஒரு டாக்டர் முப்பத்தெட்டாயிரம் விலை சொன்னார். காப்பாற்றிக் கொடுப்பதற்கு அல்ல, வெட்டி எடுப்பதற்கு. பொருளையும் எடுத்துக்கொண்டு காசையும் வாங்கிக்கொள்ளும் வியாபாரத்தை அவன் மனைவி சூர்யகலா போடி பஜாரில்கூடக் கண்டதில்லை. இத்தனைக்கும் அவள் ஏலக்காய்த் தரகர் வீட்டுப் பெண். பேரம் பேசுகிற சத்தத்தைக் கேட்டே தூங்கி வளர்ந்தவள்.

"பெரியாஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிருவோம்ங்க. அங்க காசும் இல்ல" என்றாள்.

"எவங்கிட்டயும் கால நீட்ட மாட்டேன்" என்று வீரணன் பாதத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். சர்க்கரை உடம்பு. ஆணி குத்திய இடம் கறுத்து, வாடை வரத் தொடங்கியிருந்தது. குரங்கணிக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எலக்ட்ரீசியன் அவன். எந்த மோட்டார் நின்றாலும் பிரித்து மாட்டி ஓட்டிவிடுவான். தன் காலையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தான். போனில் எவனோ புண்ணை ஆற்றும் என்று வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் காட்டியதைப் பார்த்ததிலிருந்து அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது.

காலையிலேயே வேலையை ஆரம்பித்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்றை வரிசையாகக் கோர்த்தான். மகள் கார்த்திகா கைக்குழந்தையாக இருந்தபோது மாமனார் போட்ட வெள்ளி அரைஞாணை இரண்டாக நறுக்கி, வயரில் கிளிப் மாட்டி, ஜீப் பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் தொங்கவிட்டான். ஒரு வெள்ளித் துண்டிலிருந்து ஊதுபத்திப் புகைபோல மெல்லிய இழை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாகப் பச்சை பூத்தது. பூனைக்கு விளையாட்டுக் காட்டும் லேசர் லைட்டை அடித்தான். சும்மா தண்ணீரில் தெரியாத சிவப்புக் கோடு இதில் பளிச்சென்று விழுந்தது.

"பாத்தியா, வெள்ளி எறங்கிருச்சு! கலரப் பாரு. நம்ம ஊர்ல பச்சய எவன் வேணாம்பான்? மொதத் தரம்!"

சூர்யகலா டம்ளரை எட்டிப் பார்த்தாள். ஏலக்காயோ தண்ணீரோ, பச்சை கண்டால் மயங்குகிற ஊர் இது. இந்த ஆளை அதட்டினால் நகரமாட்டான், அழுதாலும் நகரமாட்டான். பேரத்துக்குத்தான் படிவான்.

"மாதிரி பாக்காம சரக்கு எடுக்க மாட்டேன். காய்ச்சாத பால் ரெண்டு டம்ளர் வைக்கிறேன். ஒண்ணுல இந்தத் தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. பொழுது சாய ஒங்க பால் கெடாம இருந்தா நானே காலுல ஊத்துறேன், அப்பறம் வாயத் தொறக்க மாட்டேன். திரிஞ்சு போச்சுன்னா ஜீப்புல ஏறணும்."

வீரணன் தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கையின்மீதும் போட்டான். தரகர்கள் செய்வதுபோல் உள்ளே அவள் விரல்களைப் பிடித்து அழுத்தி விட்டான். துண்டுக்குள் விரல் விட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதை மீறியவனுக்கு அடுத்த நாள் ஒருவனும் சரக்குக் காட்டமாட்டான்.

வெயிலுக்கு இரண்டுமே திரிந்துவிடும் என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. மத்தியானமே ஜீப் ஓட்டும் அருண்பாண்டியிடம் வண்டிக்குச் சொல்லிவைத்துவிட்டாள். பொழுது சாய அடுப்படியில் போய்ப் பார்த்தாள். வெறும் தண்ணீர் கலந்த பால் திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. மற்றது கறந்தபடியே இருந்தது.

பக்கத்திலேயே மோர்ச்சட்டி. ஒரு கரண்டி விட்டால் இதுவும் திரிந்துவிடும். கை அதுவரை போனது, திரும்பி வந்தது. விரல் விட்ட பிறகு சரக்கில் கை வைக்கக் கூடாது. பாலில் எலும்பு ஏது, சர்க்கரை வியாதி ஏது, பால் பிழைத்தால் கால் பிழைத்துவிடுமா என்றெல்லாம் மனசு வாதாடியது. அதை எல்லாம் காலையிலேயே பேசியிருக்க வேண்டும். வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் இரண்டு டம்ளரையும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

வீரணன் மோந்து பார்த்தான். மூஞ்சி மலர்ந்துவிட்டது. "ஊத்துடி."

"இருங்க. அந்தத் தண்ணிக்குப் பச்ச எங்கருந்து வந்துச்சு?"

"வெள்ளியிலருந்து."

"வெள்ளி பச்ச விடாது. செம்புதான் விடும். அரைஞாண் கலப்படம்."

மாமனார் போட்ட அரைஞாண் கலப்படம் என்று அதைப் போட்ட நாளிலிருந்து வீரணன் சொல்லி வருகிறான். ஒவ்வொரு தடவையும் அவள் சோறு வைக்காமல் சண்டை போட்டிருக்கிறாள்.

"நீங்க சொன்னதுதான் நெசம். வெள்ளித் தண்ணின்னுதான வெரல் புடிச்சோம்? இது செம்புத் தண்ணி. பேசுன சரக்கு வேற, வந்த சரக்கு வேற. பேரம் செல்லாது."

"யாரு ஏமாத்துனது?"

"எங்கப்பா."

"காதுல விழல."

வாசலில் அருண்பாண்டி நிற்பது அவளுக்குத் தெரியும். சொல்வது பொழுது விடிவதற்குள் பஜாருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்:

"எங்கப்பாதான் ஏமாத்துனாரு! போதுமா? எந்திரிங்க வெரசா!"

"மாமா, நானே சாட்சி! வந்து ஏறுங்க" என்றான் அருண்பாண்டி.

வீரணன் வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இருவருமாகக் கைத்தாங்கலாக அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பால் கெடாமல் இருந்தது அதே தண்ணீரால்தான் என்பது பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது.

"என்னய ஏமாத்திட்டடி."

"ஆமா" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா துணியைப் பிரித்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. தூண்டில் நரம்புபோல ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்கய்யா. தொடுறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க" என்றார்.

சுண்டுவிரலைத் தொட்டார்.

"ம்."

அடுத்தது. "ம்." அடுத்தது. கொஞ்சம் தாமதித்து, "ம்." அதற்கும் அடுத்ததுக்கு இன்னும் தாமதித்து வந்தது.

டாக்டரம்மா பெருவிரலுக்கு வந்து, கறுப்பு ஏறாத அடிப்பக்கத்தில் அந்தத் தூண்டில் நரம்பை வைத்து அழுத்தினார். வீரணன் கண்ணை இறுக்கிக்கொண்டான். சூர்யகலாவின் மடியில், ஒரு 'ம்'முக்கு ஒன்றாக, நாலு விரல் மடங்கியிருந்தது. கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.