முப்பதிலிருந்து இருபதுக்கு

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேலேயே பேப்பரை வைத்து, பதினெட்டுக் கேள்விகளுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்து முடித்தேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் மனைவி பொருட்களைத் தொலைப்பதுண்டா? ஒருபோதும் இல்லை. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவதுண்டா? ஒருபோதும் இல்லை. கடைசி டிக் அடிக்கும்போது கோமதியே போனில் வந்தாள். “ஏனுங்க, என்ற பை உங்க வண்டியில கெடக்குதா பாருங்கொ” என்றாள். பின் சீட்டில் கிடந்தது. அந்த வாரத்தில் அது இரண்டாவது முறை. “கெடக்குது, கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பொய் எழுதியதாக எனக்குத் தோன்றவே இல்லை.

கொழிஞ்சாம்பாறை–பொள்ளாச்சி தடத்தில் பதினேழு வருடமாகத் தனியார் பஸ் ஓட்டுகிற டிரைவர் சிவப்பிரகாசு நான். அந்தப் பேப்பர் பாலக்காட்டில் ஒரு மனநல கிளினிக்கில் கொடுத்தது. சில வாரங்களுக்கு முன் கோமதி போனில் யாரோ ஒரு பெண் பேசிய வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, “இந்தம்மா என்னையப் பத்தித்தானுங்க பேசுது” என்றாள். ஏடிஎச்டி என்று அதற்குப் பெயராம். கவனம் ஓரிடத்தில் நிற்காது, குழந்தைகளுக்கு மட்டுமில்லை, முப்பத்தெட்டு வயதுக்காரிக்கும் இருக்கலாமாம். யாரிடமும் கேட்காமல் அவளே கிளினிக்குக்கு போன் போட்டு நாள் வாங்கினாள். புதன்கிழமைக்கு வாங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் என்னை லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். வரவேற்பில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதைக் கணவர் நிரப்பிக் கொண்டுவர வேண்டும், கூடவே சின்ன வயதிலிருந்து அறிந்த ஒருவர் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். மத்தியானம் டூட்டிக்கு வந்துவிட்டேன்.

ஏன் அப்படி டிக் அடித்தேன் என்று கேட்டால், எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும். பெண் கேட்க யாராவது ஊருக்குள் வந்து விசாரித்தால், டீக்கடை முதல் பால் சொசைட்டி வரைக்கும் ஒரே பதில்தான் வரும். பொண்ணு தங்கமுங்க, ஒரு சொல்லுச் சொல்ல முடியாது. நேற்று வரைக்கும் அந்த வீட்டோடு வரப்புச் சண்டை போட்டவனும் அதையேதான் சொல்வான். வெளி ஆள் வந்து நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் குறை சொல்லக் கூடாது. எழுத்தில் கேட்டால் மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவேனா?

ஆனால் கோமதிக்கு அந்தப் பேப்பர் ஏன் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கும் பெரியப்பா மகன் தங்கதுரை அண்ணனுக்கும் கூட்டுக் கிணறு. ஒருநாள் அவர் முறை, ஒருநாள் எங்கள் முறை. காலை ஐந்து மணிக்கு நான் வண்டி எடுக்கப் போய்விடுவதால், கல்யாணமான நாளிலிருந்து எங்கள் முறைக்குத் தண்ணீர் விடுவது கோமதிதான். தென்னந்தோப்பில் எந்த மரம் சோர்ந்திருக்கிறது என்று ஓலையைப் பார்த்தே சொல்வாள். அது அவள் வேலை, அவள் ராஜ்ஜியம். ஆனால் குழாயில் தண்ணீரைத் திருப்பிவிடும் கேட்வால்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒன்றை மூடுவதற்கு முன்னால் அடுத்ததைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் தள்ளுகிற தண்ணீர் போக வழியில்லாமல் குழாய் வெடிக்கும். போன சித்திரையில் கோமதி ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க நடந்தாள். வழியில் ஒரு மயில் குஞ்சுகளோடு போனது. மயில் பின்னாலேயே போய்விட்டாள். தங்கதுரை அண்ணனின் வாழைக்கு அடியில் குழாய் வெடித்து, குலை தள்ளிய எட்டு மரம் சாய்ந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை மோட்டாரை நிறுத்த மறந்து அது புகைந்த கதையும் இருந்தது. அண்ணன் கத்தவில்லை. “இனிமே அம்மிணி மோட்டார் ரூம் பக்கம் வரவேண்டாம். உங்க முறைக்கும் நானே தண்ணி உட்டுக்கறேன்” என்றார். அன்றிலிருந்து எங்கள் தோப்புக்குத் தண்ணீர் பாய்வதை அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். அந்த வேலையைத் திரும்ப வாங்கத்தான் இத்தனையும். நானோ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பதினெட்டு டிக் அடித்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை மாமியார் மருதாத்தாளையும் கூட்டிக்கொண்டு போனோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் நிமி இளவயதுக்காரி, மலையாளம் கலந்த தமிழ் பேசினார். என் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். மாமியார் பக்கம் திரும்பி, “சின்ன வயசில் கோமதி எப்படி அம்மா?” என்று கேட்டார்.

“தங்கமான புள்ளைங்க” என்றார் மாமியார், முதுகை நிமிர்த்திக்கொண்டு. “கிளாசுல பஸ்ட்டு. சொன்ன வேலையச் சொன்னபடி செய்யுமுங்க. ஒரு சாமான் தொலைச்சது கெடையாது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சின்ன வயசிலிருந்தே இருந்தால்தான் இதை ஏடிஎச்டி என்று எழுத முடியும், கேட்டோ. அம்மா சொல்றதும் சார் எழுதினதும் பார்த்தால் இவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.” பிறகு என்னைப் பார்த்து, “நேத்தே ஒரு தடவை வந்துட்டுப் போனீங்களாமே?” என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கோமதி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, இவுங்க பொண்ணு பாக்க வந்தவிங்க இல்ல. எனக்குக் கல்யாணமாயிப் பதினாறு வருசமாச்சு. இனி யாரும் என்னைய வேண்டாம்னு திருப்பி அனுப்ப மாட்டாங்க. உள்ளதச் சொல்லு.”

மாமியார் தன் சேலைக் கரையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார், ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. ஒரு வருடத்தில் தொலைத்தது ஏழு சிலேட்டு. ஒற்றைக் கால் கொலுசு. ஆட்டை மேய்க்க அனுப்பினால் ஆடு அடுத்தவன் கடலைக் காட்டில், இவள் வேப்பமரத்தில். கறிவேப்பிலை பறிக்கப் போனவள் பொழுது சாய வெறுங்கையோடு வந்தது. “திமிருன்னு நெனச்சேனுங்க” என்றார். “வெளக்குமாத்துல அடிச்சிருக்கறேன். எத்தனையோ நாளு. அது ஒரு நாளும் எதுத்துப் பேசல. ‘நாளைக்கு மறக்க மாட்டேனம்மா’ன்னு மட்டும் சொல்லும்.” டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

எனக்குக் காது சுட்டது. விளக்குமாறு எடுக்கவில்லை என்பதைத் தவிர நான் மட்டும் என்ன செய்தேன்? பதினாறு வருடமாகத் திமிர், அலட்சியம், விளையாட்டுப் புத்தி என்று வாயால் அடித்தவன்தானே. “டாக்டர், அந்தப் பேப்பர ஒரு நிமிசம் குடுங்க” என்று கேட்டேன். ஒவ்வொரு டிக்கையும் கிறுக்கி அழித்துவிட்டு ‘மிக அடிக்கடி’யில் போட்டேன். இரண்டு கேள்விக்கு மட்டும் போடவில்லை. ஏனென்றால் அந்த இரண்டும் அவளிடம் உண்மையாகவே இல்லை. கோமதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அத்தனையுமா?” என்றாள். “ரெண்டு பாக்கி இருக்குது” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு முறை வரச்சொல்லி, கேட்டுக் கேட்டு எழுதி, கடைசியில் ஏடிஎச்டிதான் என்று சொன்னார் டாக்டர். ரத்த அழுத்தம், எடை, இதயம் எல்லாம் பார்த்துவிட்டு மாத்திரையைப் பத்து மில்லிகிராமில் ஆரம்பித்தார். தினமும் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். எந்த நோட்டையும் நாலு பக்கம் தாண்டாதவள் கோமதி. பத்தில் வாய் வறண்டதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இருபதுக்கு ஏற்றினார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நான் சாப்பிட வந்தபோது காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஏனுங்க, டீ சூடா இருக்கறப்பவே குடிச்சு முடிச்சுட்டேன்” என்றாள். எங்கள் வீட்டில் ஜன்னல் மேலும் மாட்டுத் தொழுவத்திலும் ஆறிப்போன பாதி டீயோடு இருக்கும் டம்ளர்களைப் பொறுக்கியே எனக்குப் பழக்கம். அந்தக் காலி டம்ளரை வாங்கிப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் சரியாகலாம் என்று டாக்டர் முப்பதுக்கு ஏற்றினார். அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முப்பதில் மறதி ஏறக்குறைய இல்லை. பை தொலையவில்லை, பால் பொங்கவில்லை. ஆனால் பட்டப்பகலில் நெஞ்சு படபடக்கிறது என்றாள். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. ஒருநாள் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நடந்த ஒரு கூத்தை அவள் எதிரில் நின்று சொன்னேன். என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறவள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ம்” என்றாள். வீடு சுத்தமாக இருந்தது, வீட்டில் ஆள் இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், இதுவே இருக்கட்டும், மோட்டார் ரூம் திரும்பக் கிடைத்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமியாரும் “இப்பத்தான் மாப்ள பொம்பள மாதிரி இருக்குது” என்று என்னிடம் சொன்னார்.

வாயைத் திறந்தது கோமதிதான். அடுத்த முறை டாக்டரிடம் நோட்டை நீட்டினாள். நாற்பத்தொரு பக்கம், ஒருநாள் விடவில்லை. “வேலையெல்லாம் நடக்குதுங்க டாக்டர். ஆனா சிரிப்பே வர்றதில்லீங்க. நான் மாத்திரை கேட்டது நல்லா வேலை செய்யறதுக்கு. வேற ஆளாகறதுக்கில்ல. ஒருபடி எறக்குங்க. மிச்சத்துக்கு நான் அலாரம் வெச்சுக்கறேன்.”

டாக்டர் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். “இப்படி எழுதிக்கொண்டு வருகிறவங்க குறைவு” என்று சொல்லி, முப்பதை அடித்து இருபது என்று எழுதினார். இவள் என் பெண்டாட்டி என்று அந்தக் கிளினிக் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. டிரைவர் உத்தியோகத்தில் பழகிய குரல், சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

திரும்பி வந்த அன்றே தங்கதுரை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டாம், மனநல டாக்டர் என்றால் ஊர் வேறு மாதிரி பேசும் என்றேன். அவள் கேட்கவில்லை. அண்ணன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, “எனக்கு இப்படி ஒண்ணு இருக்குதுங்க மாமா. பொறந்ததுலருந்தே இருக்குது. மருந்து சாப்புடறேன். அடுத்த எங்க முறைக்கு நான் தண்ணி உடறேன், நீங்க பக்கத்துலயே நில்லுங்க. தப்புப் பண்ணுனா மறுபடி கேக்க மாட்டேன்” என்றாள். அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெள்ளிக்கெழம வா” என்றார்.

வெள்ளிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்றாராம். போன் அலாரம் பதினோரு முறை அடித்ததாம். இருபது மில்லிகிராமில் மறதி கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. இரண்டு தடவை எங்கே போகிறோம் என்று மறந்து நின்றுவிட்டு, அலாரம் கேட்டுத் திரும்பினாளாம். முடிந்ததும் அண்ணன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் முறைக்கு அவர் வரவே இல்லை.

நேற்று பத்தரை மணி டிரிப்பில் தங்கதுரை அண்ணன் என் வண்டியில் ஏறினார். வெள்ளை வேட்டி, கையில் கல்யாணப் பத்திரிகை. எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். நேற்று அவர் முறை. பக்கத்தில் இருந்த அர்த்தநாரி என்ற எங்கள் ஊர்க்காரர், “மொறைய விட்டுப்போட்டு எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“அம்மிணி பாத்துக்குது” என்றார் அண்ணன்.

“யாரு, நம்ம சிவப்பிரகாசு ஊட்டுக்காரியா? அதுக்கு மறதின்னு சொன்னாங்களே. ஏதோ மாத்திரகூடத் திங்கிதாமே?”

கண்ணாடியில் அண்ணன் முகம் தெரிந்தது. பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு, கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மறதி இருக்குது. மாத்திர திங்கிது. இருக்கறத இருக்குதுன்னு என்ற ஊட்டுக்கு வந்து சொன்ன ஆளு அது ஒண்ணுதான். என்ற வாழைக்கு எந்த மூலைல எத்தன நிமிசம் தண்ணி வேணும்னு என்னையவிட அதுக்குத் தெரியும். நானாத்தான் கேட்டேன், பாத்துக்கறயா அம்மிணின்னு.”

அர்த்தநாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ரோடு ஒரு நொடி கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டால் சரியாகிற கலக்கம் இல்லை அது.

வளைவு தாண்டியதும் இடது பக்கம் அண்ணனின் வாழைத்தோட்டம். ஸ்டாப் இல்லாத இடம். நான் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் சேற்றில், கோமதி கேட்வால் பக்கத்தில் நின்றிருந்தாள். ஹாரனை ஒருமுறை அழுத்தினேன். நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்து, சேற்றுக் கையைத் தூக்கி ஆட்டினாள். இடுப்பில் செருகியிருந்த போனில் அலாரம் அடித்திருக்க வேண்டும், குனிந்து அதை நிறுத்தினாள். பிறகு வாழைகளுக்கு நடுவே அடுத்த கேட்வாலை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால், அடுத்ததைத் திறக்கும்வரை மூடாமல் விட்டு வந்த கேட்வாலிலிருந்து தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.