டூப்பு என்று சொன்ன ஜாடி

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இருக்கிற ஒரே வியாதி தேவா. கரையான்சாவடி மெயின் ரோட்டில் எங்கள் பழைய சாமான் கடைக்கு நேர் எதிரே அவனும் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். இவர் ஊர் ஊராக அலைந்து ஓடாத கடிகாரம் கொண்டுவருவார். அவனுக்கு டீ குடிக்கப் போன இடத்தில் தேக்கு பீரோ மாட்டும். தேவாவுக்குக் கைராசி என்று தெருவே சொல்லும். அது காதில் விழுந்த நாளில் இவருக்குச் சோறு இறங்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் இவரை மிஞ்ச ஆளில்லை. சீனப் பீங்கான் வந்தால் அது அசலா டூப்பா என்று இவர்தான் சொல்ல வேண்டும். தேவாவும் அதற்கு இவரிடம்தான் வருவான்.

போன மாதம் திருமழிசையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அங்கே கிடைத்த நீலப் பூப்போட்ட ஜாடியோடு தேவா வந்தான். "அண்ணாத்தே, இது இன்னான்னு பாத்து சொல்லு. நீ சொன்னா சரி."

இவர் அதைக் கவிழ்த்து, மெருகில்லாத அடிவிளிம்பை விரலால் வருடினார். பிறகு வெயிலில் சாய்த்துக் கீறல்களைப் பார்த்தார். டூப்பு என்றால் உப்புத்தாள் தேய்த்த தடம் ஒரே பக்கமாக ஓடும் என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இதில் கீறல்கள் தாறுமாறாகக் கிடந்ததை நானே பார்த்தேன். அது போகட்டும், எனக்கு ஜாடியைவிட இவரை நன்றாகத் தெரியும். டூப்பு ஜாடியை ஒரு கையால் தூக்கி வைப்பவர், இதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கீழே வைக்க மனசில்லாமல் நின்றார். முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷம் இவர் தேடிய பொருள் அவன் கைக்குப் போய்விட்டதே.

"டூப்புடா. எவனோ உப்புத்தாள் போட்டு பழசாக்கிகீறான்."

தேவா ஏந்திக்கொண்டு வந்த ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

"ஏன்யா அப்டி சொன்ன?" என்றேன்.

"ரெண்டு நாள் போவட்டும். நானே கேட்டு வாங்கிக்கிறேன். இன்னிக்கே கேட்டா உசாராயிடுவான்."

அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

டூப்பு ஜாடியை எங்கள் தொழிலில் யாரும் சும்மா வைப்பதில்லை. அடியில் ஓட்டை போட்டு, ஒயர் விட்டு, மேஜை விளக்காக்கி ஃபிளாட்காரர்களுக்கு விற்றுவிடுவோம். அசலில் ஓட்டை போட்டால் அதன் மதிப்பு போச்சு. இது இவருக்குத் தெரியாததா? பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

இவர் கேட்கப் போகுமுன் தேவாவே வந்துவிட்டான், கையில் விளக்கோடு.

"அண்ணிக்கு வச்சிக்க, அண்ணாத்தே. நீ மட்டும் சொல்லலன்னா இத்த அசல்னு வித்து என் மானமே போயிருக்கும். தண்ணி ஊத்திகினே தொளை போட்டேன். ஒரு விரிசல் உழல, பாரு."

இவர் கவிழ்த்துப் பார்த்தார். நடு அடியில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

"நல்லா கீது," என்றார்.

அது இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் நான்தான் சுவிட்சைப் போடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள். எதிர்க்கடை தேவா என்பேன்.

"அவன் கைராசியே கைராசி," என்பார்கள். இவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.