ஒன்பதாம் மாடியில் யாரும் இல்லை

சுல்மீரா சாவோ பாவுலோவுக்குப் போகிற சேதி ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளே வாய் வலிக்கச் சொல்லித் திரிந்தாள். ரொட்டிக்கடையில் சொன்னாள், பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் சொன்னாள், பள்ளிக்கூடச் சமையலறையில் தனக்குப் பின் வேலைக்கு வந்தவளைத் தேடிப்போயும் சொன்னாள். "தெல்மா வீட்லதான் தங்கறேன். ஹோட்டல்ல தங்கினா என்கூடப் பேசவே மாட்டாளாம்." அறுபது வயதுக்குமேல் முதன்முறையாகப் பெருநகரத்தைச் சுற்றிப்பார்க்கப் போகிறவளுக்கு இந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

தெல்மா சொந்தக்காரி அல்ல. போன கார்னிவல் விடுமுறையில் மழை கொட்டி மலைப்பாதை சரிந்தபோது, புருஷன் பிள்ளைகளோடு எங்கள் பெத்ரா மான்சாவில் வந்து மாட்டிக்கொண்டவள். தங்கும் விடுதி என்று ஒன்று இல்லாத ஊர் இது. சுல்மீரா தன் வீட்டைத் திறந்துவிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு முணுமுணுப்பதைத் தவிர வேறு சத்தம் கேட்காத வீடு, பாதை சரியாகும்வரை கல்யாண வீடாக இருந்தது. வெண்டைக்காய் போட்டுக் கோழிக்குழம்பு வைத்தாள். தெல்மா விரலைச் சப்பிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, எங்க ஊருக்கு வந்தா எங்க வீடுதான் உங்க வீடு. வேற எங்கயாச்சும் தங்கினீங்க, அப்புறம் நமக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

எங்கள் மீனஸ் பக்கத்தில் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் அது பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. மெத்தையை வெயிலில் போட்டுவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்வோம். பெருநகரத்தில் அதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். இதை யாராவது சுல்மீராவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் யாருக்கும் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில் இறங்கியதும் தெல்மாவுக்குச் சேதி அனுப்பினாள். மதியம்தான் குரல் பதிவு வந்தது. குரலில் தேன் ஒழுகியது. "அக்கா, நிஜமாவே வந்துட்டீங்களா, என் தங்கமே. இந்த வாரம் பாருங்க, தலைக்கு மேல வேலை. ஒண்ணு பண்ணலாம், பேசிட்டு ஒரு நாள் ஏற்பாடு பண்ணிடலாம். நிறைய முத்தம்."

ஒரு நாள் என்றால் நாளைதான் என்று சுல்மீரா எடுத்துக்கொண்டாள். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரிக்கு மட்டும் அறை எடுத்தாள். மறுநாள் காலை வரவேற்பில் இருந்தவன், "இன்னிக்கும் இருக்கீங்களா?" என்றான். அதற்கடுத்த நாள் அவன் கேட்கவில்லை, சாவியை எடுத்து நீட்டிவிட்டான்.

சரி, வந்தது ஊர் பார்க்கத்தானே என்று பார்க்கக் கிளம்பினாள். உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டும்வரை கட்டடம், அதற்கப்பாலும் கட்டடம். ஊர் எங்கே முடிகிறது என்று தேடிப் பார்த்தாள், முடியவே இல்லை. இத்தனை ஜன்னலில் எது தெல்மாவுடையது என்றுதான் அவள் புத்தி போயிற்று. மெட்ரோவில் நகரும் படிக்கட்டின் இடப்பக்கம் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், "அம்மா, வலது பக்கம் ஒதுங்குங்க. இதென்ன உங்க வீட்டு வராந்தாவா?" என்றான். "நான் ஊருக்குப் புதுசுப்பா, பெத்ரா மான்சாவுலேர்ந்து வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். அவன் அதற்குள் கீழே போய்விட்டிருந்தான். அன்று பகல் முழுக்க அவளிடம் வாயைத் திறந்து பேசியவன் அவன் ஒருவன்தான்.

பெரிய சந்தையில் எல்லோரும் வாங்கித் தின்கிற இறைச்சி ரொட்டியை வாங்கினாள். இரண்டு பேர் பிய்த்துத் தின்ன வேண்டிய பண்டம் அது. பாதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். ஒரு பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். அப்புறம் அறைக்கு வந்து பார்த்தபோது, படத்தில் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து சிநேகிதி லிந்தௌரா கூப்பிட்டாள். "என்னடி, மகாராணி மாதிரி கவனிக்கிறாங்களா?"

"கவனிப்புக்கு என்ன குறைச்சல். தெல்மா என்னை ஒரு வேலை தொட விடறதில்ல" என்றாள் சுல்மீரா. பேசி முடித்துவிட்டு, தெல்மாவுக்கென்று கொண்டுவந்த பாலாடைக்கட்டியை அறுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றாள். வயிறு நிறைந்தது. அழுகையும் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போய் எந்த முகத்தோடு ரொட்டிக்கடையில் நிற்பது? ஒரு வாய் காபி போதும், வாசலில் உட்கார்த்தி ஒரு வாய் காபி கொடுத்தால் போதும், சொன்னதெல்லாம் பொய்யாகாமல் போகும்.

ஞாயிறு சாயங்காலம் பேருந்து. அதனால் மதியமே துணிந்து கிளம்பினாள். கிறிஸ்துமஸுக்குக் கொய்யா அல்வா அனுப்பியபோது தெல்மா கொடுத்த முகவரி மனப்பாடமாக இருந்தது. வெறுங்கையோடு போக மனசில்லாமல் வழியில் ஒரு கேக் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை என்று பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரே நடுரோட்டில் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தது. கேக் நசுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதற்குள் புகுந்து போனாள். தெல்மாவின் கட்டடத்துக்கு வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது.

வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஜெனிவால்டு என்ற காவல்காரர் இருந்தார். பேச்சில் நாட்டின் வடகிழக்கு வாடை; அவரும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்தான். "யாரைப் பார்க்கணும் அம்மா?"

"ஒன்பதாம் மாடி தெல்மாவை. சுல்மீராக்கா வந்திருக்கான்னு சொல்லுங்க தம்பி. சொன்னா ஓடி வருவா."

அவர் இன்டர்காமை எடுத்துப் பேசினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனைக் குரல் கசிந்து வெளியே வந்தது. அந்தத் தேன் குரலை அவளுக்குத் தெரியாதா? காவல்காரர், "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்ல யாரும் இல்லீங்கம்மா" என்றார். யாரும் இல்லாத வீட்டோடு மனுஷர் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்.

சுல்மீராவுக்குக் காது சுட்டது. ஆனாலும் அவர் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை, எங்கயாச்சும் போயிருப்பாங்க. சொல்லாம கொள்ளாம வந்தது என் தப்பு" என்றாள்.

"மழை விடட்டும், உள்ள வந்து உட்காருங்க. பிளாஸ்க்ல காபி இருக்கு."

உள்ளே போய் உட்கார்ந்தாள். கேக்கை மேசையில் வைத்தாள். "யாரும் இல்லாத வீட்டுக்குக் கேக் எதுக்கு தம்பி? வெட்டுங்க" என்றாள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கத்தியைத் தேடினார். ஊர், பிள்ளைகள், மழை என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். வந்த நாளாக இப்போதுதான் உட்கார்ந்து ஒரு மனிதரோடு பேசுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது கீழ்த்தளத்திலிருந்து ஒரு கார் ஏறி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் தெல்மா.

சுல்மீரா யோசிக்கவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து மேசைக்கடியில் குந்திவிட்டாள். ஒளிய வேண்டியவள் அவள் இல்லைதான். ஆனால் தன்னை அங்கே பார்த்தால் தெல்மாவின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தபோது, அதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

கார் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. "அந்தம்மா போயிட்டாங்களா ஜெனிவால்டு?"

"போயிட்டாங்கம்மா."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லம்மா. தன் தப்புன்னு சொன்னாங்க."

"எவ்ளோ நல்லவங்க தெரியுமா" என்றாள் தெல்மா. "அவங்க வீட்ல எங்களை ராஜா வீட்டுப் பிள்ளைங்க மாதிரி உட்கார வச்சுப் போட்டாங்க. இங்க என் வீடு கிடக்கிற கிடையில அவங்களை எங்கன்னு உட்கார வைப்பேன், சொல்லு. நாற்காலி பூரா துணி. ரெண்டு ரூம்ல ஆறு பேரு. அங்க போய் நான் பேசின பேச்சுக்கு." மூக்கை உறிஞ்சினாள். "கேட்டைத் திற."

நின்றுகொண்டே காபி குடித்திருப்பேனே தெல்மா. சுல்மீராவுக்கு வாய்வரை வந்துவிட்டது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மேசைக்கடியிலிருந்து எழுந்து எப்படிச் சொல்வது? இரும்புக் கேட் உருண்டு திறந்தது, கார் போயிற்று, கேட் மூடிக்கொண்டது.

ஜெனிவால்டு குனிந்து கையை நீட்டினார். "போயிட்டாங்கம்மா. எழுந்திரிங்க."

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன் தம்பி" என்றாள் சுல்மீரா.