அரை மாத்திரை

என் மனைவியின் கடைசி இருபது நிமிட மூளை மின்பதிவு எங்கள் லேபில்தான் இருந்தது. பதினான்காவது நிமிடம் வந்த வலிப்பில் போய்விட்டாள். பதிவைப் பயன்படுத்தக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். மூளையின் மின்னலையைச் சமன்பாடுகளாக்கி, வலிப்பு எப்போது வரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எட்டு மாதம் கழித்து லேப் தலைவர் அதைக் கருத்தரங்கில் காட்டினார். மருந்தை அரை மாத்திரை கூட்டி ஓட்டினால் வலிப்பே வரவில்லையாம். ‘அரை மாத்திரை, ஓர் உயிர்’ என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். கை தட்டினார்கள். அப்புறம் பிஸ்கட் தின்றார்கள். அவர் மீசையில் தூள் ஒட்டியிருந்தது.

யாரோ அந்த வீடியோவை மாமியாருக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“அந்த அரை மாத்திரையை ஏன் மாப்பிள்ளை குடுக்கல?”

டாக்டர் எழுதியதைத்தான் கொடுத்தேன் என்றேன். உங்க வேலையே அதுதானே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தலைவரின் கோப்பைத் திறந்தேன். தொடக்க எண்களைத் தாளில் அச்சடித்து, அதைப் பார்த்துத் தட்டுவது அவர் பழக்கம். தாளில் புள்ளிக்குப் பிறகு மூன்று தசமம்தான் விழும். எங்கள் சமன்பாடுகளில் நான்காவது தசமம் மாறினாலே போதும், கொஞ்ச நேரத்தில் அலை வேறு வழியில் போய்விடும். அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவரே அவர்தான்.

மருந்தைத் தொடாமல் அவருடைய எண்களை மட்டும் போட்டு ஓட்டினேன். வலிப்பு இல்லை. தசமம் வெட்டாத எண்களைப் போட்டு, அரை மாத்திரையும் கூட்டினேன். பதினான்காவது நிமிடம் வலிப்பு வந்தது. அன்றைக்கு மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த அலைப் படத்தை அச்சடித்துக் கொண்டுபோனேன். தலைவர் பல் குத்திக்கொண்டே தாளை வாங்கினார்.

“கட்டுரை போயாச்சு தம்பி. மாடல்னா முன்னப்பின்னதான் இருக்கும். இந்தப் படமும் நல்லாருக்கு, அடுத்ததுக்கு வச்சுக்கலாம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவருக்குச் சோறுகூட வேண்டாம். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் விரல் பட்ட இடம் பிசுபிசுத்தது.

மாமியார் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அரை மாத்திரை குடுத்திருந்தா?”

“தெரியாது அத்தை. இந்தக் கணக்குக்கும் தெரியாது.”

“உள்ள வாங்க,” என்றார். தாளின் பிசுக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.