உயிர்ச் சான்று வாங்கிய கடல்நாய்

எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போன கடல்நாய் இனத்தில் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரெட்டியார்பாளையத்தில் லூயி வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. லூயி பிரெஞ்சுக் கப்பல்களில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். தெற்குக் கோடிப் பனித்தீவுகளில் கடல்நாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர் என்பதால் பயப்படவில்லை. சின்னக் காது, அடர்ந்த ரோமம், பின்துடுப்பை முன்னால் மடக்கி நாலு காலில் நடக்கிற நடை, எல்லாம் அதே ஜாடை. பற்கள் மட்டும் வேறு மாதிரி. மனைவி மிரேய் போனபின் மூன்று வருடமாக ஒற்றை ஆளுக்கே சமைத்துக்கொண்டிருந்த மனிதர், அன்று இரண்டு கிலோ மத்தி வாங்கிவந்தார். அதற்கு ஃப்ளோரான் என்று பெயரும் வைத்தார்.

ஒரு மாதத்துக்குள் அது படியிறங்கக் கற்று, அவர் ரேடியோ கேட்கும்போது காலடியில் படுத்துக்கொண்டது. துணியெல்லாம் மீன் வாடை அடிக்கிறது என்பதைத் தவிர எதிர்வீட்டுக் கலைவாணிக்கு அதன்மேல் வேறு குறை இல்லை. பிறகு விலங்குகளைக் கணக்கெடுக்கும் அதிகாரி தெய்வசிகாமணி வந்தார். பல்லைப் பார்த்தார், பட்டியலைப் புரட்டினார்.

“இந்த இனம் அழிஞ்சு எழுபது லட்சம் வருஷமாச்சு சார். அழிஞ்சதெல்லாம் மியூசியத்துலதான் இருக்கணும். திங்கக்கெழம வண்டி வரும்.”

“உயிரோட நிக்குதே, பாத்தா தெரியலயா?”

“பட்டியல்ல இல்லயே சார்.”

பட்டியல் என்ன செய்யும் என்று லூயிக்குத் தெரியும். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று வாங்க வேண்டும். மிரேய் இறந்த வருடம் காய்ச்சலில் கிடந்த லூயி போகவில்லை. அவருக்காகப் போய்ச் சொல்லவும் ஆளில்லை. மூன்று மாதம் அவர் காகிதத்தில் செத்துப் போயிருந்தார். எவ்வளவோ கெஞ்சியும் யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் அவரைப் பிழைக்க வைத்தது ஒரு கையெழுத்துதான்.

வெள்ளிக்கிழமை கன்னியப்பனின் ஆட்டோவில் ஃப்ளோரானை ஏற்றிக்கொண்டு அந்தச் சான்று அலுவலகத்துக்கே போனார். வரிசையில் நின்றவர்கள் தள்ளி நின்று இடம் விட்டார்கள். பிறந்த தேதிக் கட்டத்தில் லூயி, அதிகாரி சொன்ன எழுபது லட்சத்தை அப்படியே எழுதினார். கவுண்டரில் இருந்த நிர்மலா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஃப்ளோரான் தும்மியது.

“நேர்ல வந்துட்டாரு, மூச்சு விடறாரு. வேற என்னா வேணும்?” என்று கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை தெய்வசிகாமணி அந்தத் தாளை இரண்டுமுறை படித்தார். அவருடைய பட்டியலில் யார் கையெழுத்தும் இல்லை. வண்டி காலியாகத் திரும்பியது. லூயி ஈர ரோமத்தில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதார்.

அதன்பின் வருடா வருடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்து லூயி படுக்கையில் விழுந்தார். சான்றுக்குக் கடைசி நாளும் வந்தது. மறுபடியும் சாக வேண்டியதுதான் என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டபோது, ஃப்ளோரான் இரண்டு படிவங்களையும் கவ்விக்கொண்டு போய், வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறியது. கன்னியப்பன் படிவங்களைப் பார்த்துவிட்டு நேரே சான்று அலுவலகத்துக்கு வண்டியை விட்டான். நிர்மலா ஈரத் தாள்களை ஃபேனுக்கு அடியில் காயவைத்தாள்.

“முசியே லூயி வரலியா? நல்லாதான இருக்காரு?”

அது ஒருமுறை குரைத்தது. நிர்மலா இரண்டு தாள்களிலும் கையெழுத்துப் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.