மேஜரின் தண்ணீர்க் கிண்ணம்

"சாமி கும்புடுற வூட்டு வாசல்ல மூத்தரம். இதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், காலி பண்ணிடு" என்று சொன்ன ரத்தினம்மாள், அதற்கு மேல் வெகு நேரம் பேசினாள்.

"நாயி வேணும்னா பண்ணுது? வயசாயிடுச்சிக்கா" என்றாள் மாடிப்படியின் மேல் முனையில் நின்ற இளவரசி.

"வயசு எனக்குந்தான் ஆவுது. நான் படியிலயா போறேன்?"

சரியாகக் கேட்கட்டும் என்று எதிர்வீட்டில் நான் அடுப்பை அணைத்தேன். குக்கர் விசில் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

கடலூர் புதுப்பாளையத்தில் ரத்தினம்மாள் கீழ்வீட்டுக்காரி, வீட்டுச் சொந்தக்காரி. மாடியில் குடியிருந்தது இளவரசியும் அவள் தம்பி தமிழ்மணியும். அக்காள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்த்தாள். தம்பி பைக் ஷோரூமில் இருந்தான். பெற்றவர்கள் போய்விட்ட அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மேஜர். பட்டாளத்துப் பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். தலையணை அளவுள்ள வெள்ளைப் பொமரேனியன். வயது பத்தைத் தாண்டிவிட்டது. சில மாதமாக அது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, படியெல்லாம் நனைத்தது.

வேறு சமயமாக இருந்தால் தமிழ்மணி இதைக் கண்டுகொண்டிருக்க மாட்டான். அவனுக்கு மங்கலம்பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள், பெயர் பவானி. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அந்த நேரத்தில் படி நாறினாலோ, காலி செய்யச் சொல்லி ரத்தினம்மாள் வாசலில் நின்றாலோ சம்பந்தம் போய்விடும். அதனால் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கிண்ணத்தை எடுத்து பரண்மேல் வைத்துவிட்டான். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.

"குடிச்சாத்தான போவும்?" என்று தெருவில் அவன் விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினோம். பி.இ. படித்த பையன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

இளவரசிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன்னையே பார்க்கிறது என்று என்னிடம் சொன்னாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் குடம் குடமாகக் குடிக்கட்டும் என்றானாம் தம்பி. அவள் கடைக்குப் போன பிறகு மேஜர் குளியலறைத் தரையை நக்கியது. துணி துவைக்கிற கல்லை நக்கியது. செம்பருத்தித் தொட்டியின் அடியை நக்கியதை நானே என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சேட்டை என்று நினைத்தோம். தண்ணீர் நின்ற பிறகும் படி நனைவது மட்டும் நிற்கவில்லையே, அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை மேஜர் மீன் தலையைக்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. வாயில் ஒரு கெட்ட வீச்சம். டாக்டரிடம் காட்டலாம் என்று இளவரசி சொன்னதற்கு, நாளை ஒரு நாள் போகட்டும் என்றான் தமிழ்மணி.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா கொளஞ்சியப்பன், அம்மா ராசம்மாள், கூட இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். நாற்காலி இரவல் கொடுத்த உரிமையில் நானும் போய் உட்கார்ந்தேன். நாயை உள் அறையில் வைத்துச் சாத்தியிருந்தார்கள். இளவரசி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொளஞ்சியப்பன் பாதி குடித்துவிட்டுச் சொம்பை நாற்காலிக் காலோரம் வைத்தார். காபி எடுக்க அவள் உள்ளே போன இடைவெளியில் சரியாகச் சாத்தாத கதவு வழியாக மேஜர் வந்துவிட்டது.

ஓடி வரவில்லை. தள்ளாடித் தள்ளாடி வந்தது. மூஞ்சியால் சொம்பைச் சாய்த்தது. கொட்டிய தண்ணீரைத் தரையோடு நக்க ஆரம்பித்தது. வந்தவர்களின் கால்களுக்கு நடுவே, நாற்காலிக்கு அடியில், தண்ணீர் ஓடிய இடமெல்லாம் பின்னாலேயே போய் நக்கியது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தரை காய்ந்த பிறகும் நக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டது.

ராசம்மாள் சத்தம் போடவில்லை. "இந்த வூட்ல நாய்க்குத் தண்ணி வெக்க மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

தமிழ்மணி படி, வீட்டுக்காரம்மா என்று ஏதேதோ சொன்னான்.

"எடஞ்சலா இருந்தா நாளைக்கு எம் பொண்ணுக்கும் இப்புடித்தானா?"

காபி ஆறிப்போயிற்று. அவர்கள் எழுந்துகொண்டார்கள். தமிழ்மணி அவர்கள் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். இளவரசி மேஜரைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் நாய் டாக்டர் சிதம்பரத்தில்தான் என்று தெருமுனை வாடகைக் கார்க்காரன் சொன்னான். காரில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலியாக விட எனக்கு மனம் வரவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் மேஜருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி அதன் உதட்டில் வைத்தாள். பாதி வழிந்தது. புதுச்சத்திரம் பக்கம், "மூச்சு இருக்குதாக்கா, பாருங்க" என்றாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது கார் ஆடுவதா, நாய் மூச்சு விடுவதா என்று சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

டாக்டர் ஜான்சி ரத்தம் எடுத்து, சலைன் ஏற்றிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார். பெஞ்சில் சும்மா இருப்பது எப்படி? நாயோடு வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். பிச்சாவரத்திலிருந்து வந்த லேப்ரடாருக்குக் கிட்னி. அண்ணாமலை நகரிலிருந்து வந்த குட்டைக்கால் டேஷ் நாய்க்கும் கிட்னி. உள்ளே கூப்பிட்டதும், ஊரெல்லாம் பரவுகிற தொத்து நோயா என்று டாக்டரிடம் நான்தான் முதலில் கேட்டேன்.

"தொத்து இல்லம்மா. வயசான நாய்ங்களுக்கு இது ரொம்ப சகஜம். பத்து நாய்ல ஒண்ணுக்காவது எப்பயாச்சும் வரும்னு சொல்றாங்க. யாரும் ரத்தம் எடுத்துப் பாக்குறதில்ல, அதனால வெளிய தெரியல."

அப்புறம் இளவரசியைப் பார்த்துச் சொன்னார்: "ஜாஸ்தி குடிக்கிறதால அது ஒண்ணுக்குப் போவலம்மா. கெட்டுப்போன கிட்னியால தண்ணியப் புடிச்சி வெக்க முடியல. வெளிய போயிடுது. அதனாலதான் தாகம்."

"நாங்கதான் பண்ணிட்டமா?"

"நோவு முன்னாடியே இருந்துது. தண்ணிய நிறுத்தி நீங்க அத அவசரப்படுத்திட்டீங்க."

இளவரசி அழவில்லை. எவ்வளவு நாள் இருக்கும் என்று மட்டும் கேட்டாள். கவனித்துக்கொண்டால் கொஞ்ச காலம் இருக்கும், தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கிண்ணம் எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். நிரம்பிய கிண்ணம் என்றால் நனையும் படி. அதை இளவரசியும் நானும் ஒரே நேரத்தில் நினைத்தோம் என்று நினைக்கிறேன்.

செய்தி எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செல்போன் எதற்கு இருக்கிறது? மறுநாள் காலை ஒவ்வொரு வாசலிலும் ஒரு கிண்ணம். பக்கத்து வீட்டுச் சுப்புராயன் தன் நாய் எத்தனை முறை காலைத் தூக்குகிறது என்று அதன் பின்னாலேயே கம்பம் கம்பமாக நடந்தார். அவருக்கே சர்க்கரை இருக்கிறது, அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ரத்தினம்மாள் மாடிக்கு வந்து, சலைன் ஏறித் தோள் புடைத்திருந்த மேஜரைப் பார்த்தாள். "பாவந்தான். ஆனா படி என்னுது" என்றாள். மாதக் கடைசி வரை தவணை கொடுத்தாள்.

மங்கலம்பேட்டையிலிருந்து பதிலே வரவில்லை. தமிழ்மணி சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் பவானியே அவனுக்கு போன் செய்தாளாம். நாய் பிழைத்ததா என்பதுதான் முதல் கேள்வி. பிழைத்தது என்றதும் மற்றது பேசினாளாம், அப்பா அம்மாவைச் சமாதானப்படுத்துவது தன் பொறுப்பு என்றாளாம். சம்பந்தம் கைவிட்டுப் போகாத சந்தோஷத்தில் அவன் அக்காளிடம் ஒரு யோசனை சொன்னான். பிச்சாவரத்தில் தெரிந்தவர் வீட்டில் மேஜரை விட்டுவிடலாம், அங்கே சுற்றிலும் தண்ணீர்தானே என்றான்.

"அது உப்புத் தண்ணிடா" என்றாள் இளவரசி. அதற்கு மேல் அவனிடம் விவாதிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் சிதம்பரத்தில், டாக்டர் வீட்டுக்குப் பின்தெருவில், மண்தரைப் பின்கட்டு உள்ள ஓர் அறையைப் பிடித்தாள். படியே இல்லாத வீடு. அங்கிருந்து தினமும் கடலூருக்கு ரயிலில் வேலைக்கு வந்து போனாள். டாக்டருக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று எங்கள் தெருவில் கொஞ்ச நாள் பேச்சு. டாக்டர் இரண்டு பிள்ளை பெற்ற பெண்பிள்ளை என்று நான் சொல்லித்தான் அது அடங்கியது.

தமிழ்மணி கல்யாணம் தை மாதம் நடந்தது. இளவரசி தாலி கட்டும்வரை இருந்துவிட்டு, சலைன் நேரம் என்று பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டாள். அவனும் பவானியும் மேல்பட்டாம்பாக்கத்தில் குடியிருக்கிறார்கள். மேஜர் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து, பங்குனியில் போய்ச் சேர்ந்தது. இளவரசி கடலூருக்குத் திரும்பவில்லை. ஆவணியில் பரங்கிப்பேட்டைப் பள்ளி வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டாளாம். டாக்டருக்குப் பத்திரிகை போயிருக்கிறது, எனக்கு வரவில்லை. ரத்தினம்மாள் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள். மாடிக்கு இன்னும் ஆள் வரவில்லை.