ஜாடி என் வேலை, மூடி அவள் வேலை

முன்னறையைக் கேலரி என்கிறார்கள். நான் கடை என்றுதான் சொல்வேன். அதற்குப் பின்னால் சக்கரங்கள், கொல்லையில் சூளை. கல்யாணமான நாளிலிருந்து ஜாடி என் வேலை, மூடி என் பெண்டாட்டி வேலை. அவள் அளவுகோல் தொட்டதில்லை. ஜாடியின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுப் போய் உட்காருவாள். மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். "பொருந்தாது" என்பேன். பொருந்தும். அடுத்த முறையும் நம்ப மாட்டேன்.

இந்த வருஷம் அவள் விரல்கள் மரத்துப்போயின. இடுப்புயர ஜாடி ஒன்றுக்கு மூடி செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இது உக்காரலைன்னா இனி மண்ணைத் தொட மாட்டேன். கடையில உக்காந்து விலை சொல்லிட்டுக் கிடக்கறேன்."

"உன் இஷ்டம்" என்றேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எரித்து முடித்து, சூளை ஆறட்டும் என்று சுவரில் சாய்ந்திருந்தேன். செங்கல் சூடு முதுகு வழியாக இறங்கியது. உள்ளே பாத்திரங்கள் டிங், டிங் என்று ஆறிக்கொண்டிருந்தன. கண் சொருகியது. இத்தனை காலமாக விற்ற ஜாடிகளெல்லாம் வெயிலில் ரோட்டோரமாக நடந்து வந்தன. ஒன்றுக்கும் மூடியில்லை. ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிக் கடைக்குள் போயின. வாசலில் அவள் நின்று ஒவ்வொன்றின் வாயையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டாள்.

"எந்திரிங்க. ஆறிடுச்சு."

ஜாடியை வெளியே எடுத்தோம். தனியாக வெந்திருந்த மூடியை அவள் மேலே வைத்தாள். ஆடியது. அவள் கையை எடுக்காமல் மெல்லத் திருப்பினாள். பாதிச் சுற்றில் டொக்கென்று உட்கார்ந்தது.

"உங்க ஜாடி வாய் கோணல். ஆளைப் போலவே. தடவும்போதே பட்டுச்சு, மூடியையும் அதுக்கேத்தாப்ல அமுக்கி விட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பிருப்பீங்களாக்கும். மரத்துப்போன விரலு, எனக்கே சந்தேகந்தான்."

நான் தடவிப் பார்த்தேன். இன்னொரு சுற்றும் பார்த்தேன். கோணல்தான்.

ஜாடியைக் கடை ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் வந்த முதல் ஆள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். "ஆடுதே பெரியவரே."

"நீங்க வச்ச லட்சணம் அப்படி. திருப்புங்க."

அவனுக்கு விலை சொல்ல அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை. உள்ளே அவள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.